முள்ளங்கி விற்ற கேப்டனும் என் மகள் கல்யாணமும்

‘வெளிச்சுற்று’ இதழின் ஆசிரியர் உயர்திரு குசாகா அவர்களுக்கு, சகாதாவிலிருந்து கன்ஜி ஒனோதேரா பணிந்து எழுதிக்கொள்வது.

மழைக்காலம் இந்த வருஷம் வந்த விருந்தாளி மாதிரி கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சோகாய் மலை பல நாளாக முகம் காட்டவில்லை. பாறைச் சிப்பிகள் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் கொழுத்திருக்கின்றன. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், நம் வாசகர் வட்டத்தின் போன கோடைக்கூட்டத்தில் புத்தகப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்ட தங்கள் இடுப்பு இந்நேரம் நேராகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவதற்காகத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மலருக்காக, நம் விண்வெளிக் கதைத் தொடரைப் பற்றி நான் அனுப்பிய ‘நீளிரவுப் படை: எந்தக் கிளைக்கதைகளைப் படிக்கலாம், எவற்றை விட்டுவிடலாம்’ என்ற கட்டுரை அச்சுக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் தயவுசெய்து அதன் கடைசிப் பகுதியை எடுத்துவிடுங்கள். போய்விட்டது என்றால் அச்சகத்துக்கு ஓடிப்போய் இயந்திரத்துக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளுங்கள். தங்கள் இடுப்புக்கு நான் மருந்துப் பட்டை வாங்கி அனுப்புகிறேன்.

மற்ற பகுதிகளில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டாம். அவை எனக்குச் சம்மதமே. ‘கப்பல் சமையற்கட்டு’ நாவலை ஒருவர் தன் வாழ்நாளில் இரண்டு முறையாவது படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், அது நிற்கட்டும்; மூலக்கதையின் பன்னிரண்டு பாகங்களில் புரியாத போர், யாரும் குடிக்காமல் மிசோ சூப் ஆறிப்போகும் அந்த ஒரு பக்கத்தில் புரிந்துவிடுகிறது. ‘தோற்ற கிரகத்தின் வரி அதிகாரி’யும் நல்ல நாவல், அட்டையில் ராக்கெட் படம் இல்லாத பாவத்துக்காக யாரும் வாங்கவில்லை, நாம்தான் சொல்லி விற்க வேண்டும். ‘தளபதி வர்காவின் இளமை’ படக்கதை பதினோரு தொகுதி வந்தும் அந்த ஆள் இன்னும் ஆரம்பப் பள்ளியைத் தாண்டவில்லை, இந்த வேகத்தில் அவன் கெட்டவனாவதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க மாட்டேன், ஆகவே விட்டுவிடலாம் என்று எழுதியதும் சரியே. கப்பல் பூனை சொல்லும் நாவலில் பூனைக்கும் போரைப் பற்றி அக்கறை இல்லை, எழுதியவருக்கும் இல்லை. அட்டைப்படம் அழகு, வாங்கி அலமாரியில் வைக்கலாம், திறக்க வேண்டாம். இரண்டு படைகளும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படிப்பதாக வரும் அந்த நாலு கட்டச் சிரிப்புப் படக்கதையைக் கையால் தொடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதன் எல்லாத் தொகுதிகளும் என் வீட்டில் இருப்பது தங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

கடைசிப் பகுதிதான் தலைவலி. அது எது என்று தங்களுக்கு மறந்திருக்காது. தொலைபேசியில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத் தாங்கள் சிரித்த சிரிப்பில் தங்களுக்குப் புரையேறி, தங்கள் துணைவியார் முதுகில் தட்டிய ஓசை சகாதா வரைக்கும் கேட்டது. ‘மூன்றாம் நிலவின் தபால்காரர்’ என்ற நாவலைப் பற்றி நான் இப்படி எழுதியிருந்தேன்: “ஐந்தாம் பாகத்தில், இருநூறு பேர் தப்பிப் போவதற்காகத் தன் கப்பலைச் சூரியனுக்குள் செலுத்தி மாண்ட கேப்டன் ஷிரானேயை, இந்த ஆசாமி உயிரோடு கொண்டுவந்து ஒரு சில்லறை நிலவில் முள்ளங்கி விற்க வைத்திருக்கிறார். சூரியனுக்குள் போனவர் எந்த வழியாக வெளியே வந்தார் என்று இந்த ஆசாமி கடைசிவரை சொல்லவில்லை. முள்ளங்கியைப் பற்றியாவது தெரியுமா என்றால் அதுவும் இல்லை. குளிர்கால முள்ளங்கியை இந்த ஆசாமி கோடையில் பிடுங்குகிறார். இந்த ஆசாமி இனிப் பேனாவைத் தொடாமலிருந்தால் விண்வெளிக்கு நல்லது.”

அந்த ஆசாமிதான் என் மகள் சிஹாருவைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். கட்டிக்கொள்வதாக இருந்தவர் என்று எழுதுவதா, இருக்கிறவர் என்று எழுதுவதா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

குசாகா அவர்களே, நம் வட்டத்தில் எல்லோரும் புனைபெயரில் ஒளிந்துகொள்வது நல்ல ஏற்பாடு என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். தீவுப் படகின் இயந்திர அறையில் ஆயுள் முழுக்க வெந்தவன் என்பதால் நான் ‘பழைய கொதிகலன்’ ஆனேன். அந்த நாவலை எழுதியவர் ‘நிழல்மழை’. ஏழு வருஷத்துக்கு முன்னால் அதே நாவலை முதல் தடவை திட்டியபோதாவது ‘நிழல்மழை’ யார், எந்த ஊர், மீசை உண்டா இல்லையா என்று நான் கேட்டேனா? கேட்டிருக்க வேண்டும். நீங்களாவது சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கும் தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது, ஏனென்றால் அவர் இதழுக்குச் சந்தா கட்டியிருப்பது சொந்தப் பேரில்.

நடந்ததைக் கேளுங்கள். சிஹாரு செந்தாய் நகரத்தில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை பார்க்கிறாள், தெரியும்தானே. போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவரைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். ரியோஹெய் மொகாமி என்று பெயர், நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் உத்தியோகம். “அப்பா, அவருக்கும் உங்க நீளிரவுப் படைன்னா உயிரு. உங்களுக்குப் பேச விஷயம் இருக்கும்” என்றாள். நான் பூரித்துப் போனேன். முதல் தடவையாக ஒரு மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் வானிலையைத் தவிர வேறு ஒரு பேச்சு கிடைக்கப்போகிறது என்று என் மனைவி தோமிகோவிடம் சொன்னேன். அவள் சிப்பி வாங்கி, சின்னக் கத்தரிக்காய் ஊறப்போட்டு, மழையில் நனைந்து வருவார்களே என்று காலையிலேயே குளியல் தொட்டியில் வெந்நீரும் நிரப்பி வைத்தாள். அந்த வெந்நீரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வந்தார். ஜூலை மாதத்தில் கறுப்பு கோட்டு, கையில் இனிப்புப் பெட்டி, மடித்து உட்கார்ந்த காலை நீட்டச் சொன்னாலும் நீட்டவில்லை. நல்ல பிள்ளை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிஹாரு ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுவரை இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை, ஐயா. சாப்பாடு முடிந்ததும் அவர் முறைப்படி ‘உங்கள் மகளை எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்பார், நான் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கி வைத்திருந்துவிட்டு சரி என்பேன் என்று எல்லாம் பேசிவைத்தது போல இருந்தது. கேட்கும் வரைக்கும் சும்மா இருக்கக் கூடாதே என்று நான்தான் வாயைத் திறந்தேன்.

“நீளிரவுப் படை எத்தனை பாகம் படிச்சிருக்கீங்க, தம்பி?”

“பன்னிரண்டும் படிச்சிருக்கேங்க. கிளைக்கதைகளும்.”

“எல்லாமேவா?”

“எல்லாமே. அதுல ஒண்ணு நானே எழுதினதுங்க. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. ‘மூன்றாம் நிலவின் தபால்காரர்’னு ஒண்ணு.”

தோமிகோவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பிறகு சாவதானமாக ஒரு கத்தரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எனக்குப் புனைபெயர் இருப்பது சிஹாருவுக்குத் தெரியாது, தோமிகோவுக்குத் தெரியும். கட்டுரையைச் சுத்தப் பிரதி எடுத்ததே அவள்தான்.

“அதை இவர் நல்லாப் படிச்சிருக்காரே. இல்லீங்க?” என்றாள் என்னைப் பார்த்து.

கட்டின பெண்டாட்டி, குசாகா அவர்களே. நான் என்ன செய்வேன்?

“அருமையான புத்தகம்” என்றேன்.

பாவம், அந்தப் பிள்ளையின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நிஜமாவா? எந்த இடம் பிடிச்சுதுங்க?”

இங்கேதான் சிக்கிக்கொண்டேன். அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரியாத வரி கிடையாது. ஆனால் தெரிந்ததெல்லாம் குற்றமாகத் தெரிந்ததே தவிர வேறாகத் தெரியவில்லை. “ஆறாம் அத்தியாயத்துல கோடையில முள்ளங்கி பிடுங்கறாரே கேப்டன், அது ரொம்பத் துணிச்சல்” என்றேன்.

“துணிச்சலா?”

“வேற யாரு செய்வா? அப்புறம் நடுவுல தபால்காரர் பேரு திடீர்னு மாறிடுதே, அது ஆழமா இருந்தது.”

“அது அச்சுப் பிழைங்க.”

“பிழைன்னே தெரியாத அளவுக்கு ஆழம்.”

தோமிகோவுக்கு இருமல் வந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அங்கே இருமின மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளையோ என்னையே பார்த்துக்கொண்டு, “இவ்வளவு உன்னிப்பாப் படிச்சவங்க உலகத்துல ஒரே ஒருத்தர்தான் இருக்காருன்னு நினைச்சேங்க. ‘வெளிச்சுற்று’ன்னு ஒரு சிற்றிதழ் வருது. அதுல பழைய கொதிகலன்னு ஒருத்தர் எழுதுவார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் புத்தகத்தைத் தோலை உரிச்சுத் தொங்கவிட்டார். அவரை ஒருநாள் நேர்ல பார்க்கணும்” என்றார்.

“பார்த்து?” என்றேன்.

“ஒண்ணு கேட்கணும்.”

“என்ன கேட்கணும்?”

“அதை அவர்கிட்டதாங்க கேட்பேன்.”

அப்போது சிஹாரு சொன்னாள்: “சாப்பிட்டு முடிங்க, மாடிக்குக் கூட்டிட்டுப் போய் அப்பா அலமாரியைக் காட்டறேன். அசந்துடுவீங்க.”

அசந்துதான் போவார். அலமாரியின் நடுத்தட்டில், என் கட்டுரைகளுக்கெல்லாம் அடையாளச் சீட்டு வைத்த ‘வெளிச்சுற்று’ இதழ்கள். அவற்றின் தலைமேல், வண்ண வண்ணப் பென்சில் கோடுகளோடு ‘மூன்றாம் நிலவின் தபால்காரர்’. ஒரு தடவை படித்தால் ஒரு நிறம், இன்னொரு தடவைக்கு இன்னொரு நிறம், இரண்டு நிறம் இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் திட்டக் கூடாது என்று நம் வட்டத்தில் விதி செய்தது தாங்கள்தானே. சாக்கே மது ஊற்ற நல்ல கிண்ணம் எடுத்துவருகிறேன் என்று சொல்லி எழுந்தேன். மாடிப்படி என் முழங்காலுக்கு ஆகாது என்று வைத்தியர் சொன்னதை அன்று என் முழங்கால் மறந்துவிட்டது. இதழ்களையும் புத்தகத்தையும் வாரி அணைத்துக்கொண்டு கீழே வந்தால் வலப்பக்கம் கூடம், இடப்பக்கம் குளியலறை. உடை மாற்றும் இடத்தில் அழுக்குத் துணிக் கூடை இருந்தது. அடியில் புத்தகங்களைத் திணித்து மேலே என் உள்ளாடைகளைச் சுருட்டிப் போட்டு மூடினேன். உலகத்தில் எந்த நாகரிகமான மனிதனும் கை வைக்க மாட்டாத இடம் அது என்று எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. சாக்கே கிண்ணத்தை மறந்துவிட்டேன். பரவாயில்லை என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும் மரியாதைக்கு அவருக்குச் சிப்பி சூப்பை நானே எடுத்துக் கொடுக்கப் போனேன். கண் குளியலறைக் கதவின் மேலேயே இருந்தது. கிண்ணம் கவிழ்ந்தது. கொதிக்கக் கொதிக்க அத்தனையும் அவர் மடியில்.

“ஐயையோ, எழுந்திருங்க தம்பி, எழுந்திருங்க” என்று தோமிகோ துண்டோடு ஓடிவந்தாள். “உடம்பு வெந்திடப் போகுது. மொதல்ல கோட்டைக் கழட்டுங்க. தொட்டியில தண்ணி தயாரா இருக்கு, போய்க் குளிச்சிட்டு வந்துடுங்க. மொதக் குளியல் எப்பவும் விருந்தாளிக்குத்தானே.”

முதல் குளியல் விருந்தாளிக்கு. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். என் அப்பா வீட்டில் அப்படி, என் மாமனார் வீட்டில் அப்படி, வந்தவர் குளித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டோம். வீட்டிலேயே அந்நியன் ஒருவன் தனியாகப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து ஒளித்து வைத்திருக்கிறேன் பாருங்கள், இந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

“நான் மொதல்ல போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று எழுந்தேன்.

“நீங்க எதைப் பார்க்கப் போறீங்க? உக்காருங்க” என்றாள் தோமிகோ. குளியலறையில் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

பிள்ளை வெளியே வரவே இல்லை. ஒரு மனிதன் சூப்பைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் கதவருகில் போய் நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை.

“தம்பி, சூடு போதுமா?”

“போதுங்க ஐயா.”

“ரொம்ப நேரம் ஊறாதீங்க. தலை சுத்தும்.”

“இதோ ஆச்சுங்க. இன்னும் கொஞ்சம்தான்.”

என்ன கொஞ்சம்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். கடைசியில் என் பருத்தி யுகாதா அங்கியைக் கட்டிக்கொண்டு வந்தார், அது அவருக்கு முழங்காலோடு நின்றுவிட்டது, முகம் வேகவைத்த இறால் போலச் சிவந்திருந்தது. “நல்ல குளியலுங்க” என்று குனிந்து வணங்கினார். அவ்வளவுதான். உட்கார்ந்தார், தேநீர் குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார். மாடிக்குப் போகலாம் என்று சிஹாரு கூப்பிட்டதற்கு இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் ரொம்ப நேரம் குனிந்து நின்று, “இன்னிக்கு நிறையத் தெரிஞ்சுக்கிட்டேன், ஐயா” என்றார். மூன்று மணி ரயிலுக்கு அந்த யுகாதாவோடு போக முடியாது என்று என் கால்சட்டை ஒன்றைக் கொடுத்தோம். அதுவும் குட்டை.

அவர்கள் போன பிறகு கூடையைப் போய்ப் பார்த்தேன். புத்தகங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. ஆனால் நான் சுருட்டிப் போட்ட உள்ளாடைகள் நாலாய் மடிக்கப்பட்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

“கூடையில என் துணியை நீ மடிச்சு வச்சியா?” என்று தோமிகோவைக் கேட்டேன்.

“அழுக்குத் துணியை எவளாவது மடிப்பாளா?” என்றாள். விஷயம் புரிந்ததும் பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “காலம் பூரா ஊர்ல இருக்கற புத்தகத்தையெல்லாம் திட்டித் தீர்த்தீங்க. அதுல ஒண்ணு வீடு தேடி வந்து குளிச்சிட்டும் போயிடுச்சு” என்றாள்.

அப்படியென்றால் பார்த்தாரா, பார்க்கவில்லையா? ஒழுங்கான பிள்ளை, மேலே கிடந்ததை மரியாதைக்கு மடித்து வைத்துவிட்டு அடியில் பார்க்காமல் விட்டிருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துத் தொட்டியில் உட்கார்ந்து படித்துவிட்டு, எடுத்த குற்றம் தெரியாமலிருக்க மடித்து வைத்திருக்கலாம். எதுவும் சொல்லாமல் போனால் எதை என்று நினைப்பது? சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

மறுநாள் சிஹாரு தொலைபேசியில் கூப்பிட்டாள். “அவர் நேத்துக் கேட்கறதாத்தான் வந்தார். கேட்கலை. என்னப்பா செஞ்சீங்க?”

“சூப்பைக் கொட்டினேன்.”

“சூப்பைக் கொட்டினதுக்கெல்லாம் யாரும் கல்யாணத்தை நிறுத்த மாட்டாங்க.”

“நிறுத்திட்டாரா?”

“ஒண்ணுமே சொல்லலை. ரயில்ல ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தார். நடுவுல ஒரு தடவை தானாச் சிரிச்சார். என்னன்னு கேட்டேன், முள்ளங்கின்னார். முள்ளங்கின்னா என்னப்பா?”

“அது ஒரு காய்” என்றேன்.

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். சாதாரணமாகக் கோபம் வந்தால் கத்துகிறவள். கத்தாமல் வைத்துவிட்டாள் என்றால் அழுதிருக்கிறாள் என்று அர்த்தம். குசாகா அவர்களே, எனக்கு ஒரே மகள். அவளுடைய வாழ்க்கை என் பேனா முனையில் தொங்குவது எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் எதையும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மலர் தபாலில் அவர் வீட்டுக்குப் போகும். பிரிப்பார். முள்ளங்கியைப் படிப்பார். என் வாயால் கேட்ட அதே முள்ளங்கி, அதே ஆறாம் அத்தியாயம். குடிநீர் அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளைக்கு எந்தக் குழாயிலிருந்து எந்தத் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரியாதா? நேரில் புகழ்ந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் திட்டுகிற மனிதனின் மகளை எவன் கட்டுவான்?

ஆகவே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, காலியான இடத்தில் தங்கள் பூனையின் படம் ஏதாவது போடுங்கள். அது முடியாது என்றால் என் புனைபெயரை எடுத்துவிட்டு வேறு யார் தலையிலாவது கட்டுங்கள், நம் வட்டத்தில் ‘இரண்டாம் கதவு’ என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு மகள் கிடையாது. அதுவும் முடியாது என்றால் அவருக்குப் போகும் பிரதியை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் முக்கி அனுப்புங்கள், மழைக்காலம்தானே, தபால்காரர் மேல் பழி போகட்டும். மாற்றுப் பகுதி எழுதித் தரலாம் என்று உட்கார்ந்தேன். “இந்நூலில் ஏராளமான பக்கங்கள் உள்ளன” என்று முதலில் எழுதினேன். பாராட்டு போதாது என்று தோமிகோ சொன்னாள். “முள்ளங்கி பயிரிடுவோர் தவறவிடக் கூடாத நூல்” என்று எழுதினேன். “எழுத்தாளர் எழுதி முடித்துவிட்டார் என்பதே ஆறுதல்” என்று எழுதினேன். “இது பாராட்டற மாதிரி இல்லையே, துக்கம் விசாரிக்கற மாதிரின்னா இருக்கு” என்று காகிதத்தை வாங்கி மடித்துவிட்டாள். என்னால் முடியவில்லை, ஐயா. வேறு எதில் பொய் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். கேப்டன் ஷிரானே விஷயத்தில் கை எழுத மாட்டேன் என்கிறது. அதனால்தான் எடுத்துவிடச் சொல்கிறேன். ஒன்றுமே இல்லாமல் இருப்பதுதான் இரண்டு பேருக்கும் மரியாதை.

இனி வெயில் ஏறும் காலம். குளிர்ந்த நூடுல்ஸை ஆசைக்கு அதிகம் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்டிகளை இந்த வருஷமாவது இளவட்டங்களைத் தூக்கச் சொல்லுங்கள். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கமும் தோமிகோவின் அன்பும். தாங்கள் நீண்ட ஆயுளோடு இன்னும் பல மலர்களைக் கொண்டுவர வேண்டும், இந்த மலரைத் தவிர.

தங்கள் உண்மையுள்ள,
கன்ஜி ஒனோதேரா
(பழைய கொதிகலன் என்று உறையில் எழுதிவிடாதீர்கள்)

பின்குறிப்பு: உறையை ஒட்டி, மழை கொஞ்சம் விடட்டும் தபாலில் போடலாம் என்று மேசையில் வைத்திருந்தேன். இன்று காலை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். தோமிகோ கதவைத் திறந்தாள். “பழைய கொதிகலன் ஐயா இருக்காருங்களா?” என்று கேட்கிற குரல்.

“உள்ளதான் கொதிச்சுக்கிட்டு இருக்கார், வாங்க” என்கிறாள் இவள்.

மொகாமி தனியாக வந்திருந்தார். யுகாதாவையும் கால்சட்டையையும் துவைத்து, இஸ்திரி போட்டு, துணியில் கட்டி, கூடவே இனிப்புப் பெட்டியோடு. உட்கார்ந்தார். நான் இப்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“ஐயா, குளியலறையில எல்லாத்தையும் பார்த்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

“நீங்க ஏன் மன்னிப்புக் கேட்கணும்?” என்றேன்.

“வட்டத்தோட விதி ரெண்டு தடவை படிக்கணும்கறது. ரெண்டு நிறம். உங்க புத்தகத்துல சிவப்பு, நீலம், பச்சை, பழுப்புன்னு நாலு நிறம் இருக்கு. திட்டறதுக்கு ரெண்டு தடவை போதுமே. மிச்ச ரெண்டு தடவை ஏங்க படிச்சீங்க?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோமிகோ தேநீர்த் தட்டோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இது தெரியாது.

“கேப்டன் ஷிரானே சாகறப்போ எனக்குப் பதினேழு வயசு” என்றேன். “மூணு நாள் பள்ளிக்கூடம் போகலை. அப்புறம் வந்த எல்லாப் பாகத்துலயும் தேடினேன், எல்லாக் கிளைக்கதையிலயும் தேடினேன். எங்கேயும் அவர் இல்லை. உங்க புத்தகம் மோசமான புத்தகம், தம்பி. ஆனா அதுல மட்டும்தான் அவர் உயிரோட இருக்கார்.”

துணிக்கட்டை நேராக நகர்த்தி வைத்தார். பிறகு, “எங்க அம்மா ஐந்தாம் பாகத்தோட மூடி வச்சிட்டாங்க. அதுக்கு மேல படிக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்களைத் திரும்பப் படிக்க வைக்கத்தான் எழுதினேன்” என்றார்.

“படிச்சாங்களா?”

“படிச்சாங்க. படிச்சுட்டு, இந்த மாசத்துல எவண்டா முள்ளங்கி பிடுங்குவான்னு கேட்டாங்க.”

அந்த அம்மாளை நான் உடனே சந்திக்க வேண்டும். அதை நான் சொல்வதற்குள் அவர் திண்டை விட்டுப் பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்து, என் மகளை எனக்குக் கொடுங்கள் என்று முறையாகக் கேட்டார். முகத்தை இறுக்கி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. தோமிகோ பார்த்துக்கொண்டிருந்தாள், ஆகவே முகம் என்ன செய்தது என்று எழுத மாட்டேன். சரி என்று சொல்லிவிட்டேன். சிஹாருவுக்குத் தொலைபேசி போட்டோம். அவள் இந்தத் தடவை கத்தினாள்.

பிறகு, ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று ஆகஸ்ட் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை அவரிடமே கொடுத்தேன். படித்தார், சிரித்தார், கண்ணைத் துடைத்தார், கடைசி வரியை மட்டும் இரண்டாம் முறை படித்தார். எடுத்துவிடச் சொல்லி உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். “எடுத்தீங்கன்னா கல்யாணத்துல உங்களைக் கடைசி வரிசையில உக்கார வச்சிடுவேன்” என்றார். பேச்சு எப்படி வருகிறது பாருங்கள்.

ஆகவே, குசாகா அவர்களே, மேலே கண்ட அனைத்தையும் தள்ளிவிடவும். பூனைப் படம் வேண்டாம், வாளித் தண்ணீர் வேண்டாம், ‘இரண்டாம் கதவு’ பாவம் சும்மா இருக்கட்டும். கடைசிப் பகுதி ஒரு வரி குறையாமல் வரட்டும். முள்ளங்கியைப் பற்றி எழுதியதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. ஒரே ஒரு திருத்தம்: ‘இந்த ஆசாமி’ என்று வருகிற இடங்களிலெல்லாம் ‘என் மாப்பிள்ளை’ என்று போட்டுவிடவும்.